கம்பெனிக்காக மட்டும்

வேலூரில் ஆட்டோவில் ஏறி ‘ஸ்கடர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேராக ஐடா ஸ்கடர் ரோட்டில், சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நம் முகத்தை ஒரு நோயாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். தெரு முழுக்க லாட்ஜ், மருந்துக் கடை, வங்காளத்தில் எழுதிய சாப்பாட்டு போர்டு. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பித்த வைத்தியம், இன்றைக்குக் கொல்கத்தாவிலிருந்து ரயில் ரயிலாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது இன்னொரு ஸ்கடரைப் பற்றி. மாத்யூ ஸ்கடர். நியூயார்க்காரர். நம் அம்மையாருக்கு உறவுமுறை எதுவும் கிடையாது. ஏனென்றால் அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை. லாரன்ஸ் பிளாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1976-ல் முதல் நாவலை வெளியிட்டு உலவவிட்ட துப்பறிவாளர். அந்த ஸ்கடர் ஊருக்கே வைத்தியம் பார்த்தவர். இந்த ஸ்கடர் வைத்தியம் தேவைப்படுகிறவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆள் முன்னாள் போலீஸ். ஒரு ராத்திரி பாரில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு திருடர்கள் உள்ளே புகுந்து பார் ஆளைச் சுட்டுக் கொல்கிறார்கள். ஸ்கடர் துரத்திக்கொண்டு ஓடிச் சுடுகிறார். ஒரு குண்டு எதிலோ பட்டுத் தெறித்துப்போய், அந்தப் பக்கம் நின்ற ஒரு சின்னப் பெண் குழந்தையின் உயிரை எடுத்துவிடுகிறது. டிபார்ட்மென்ட் அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வேலையை விடுகிறார், மனைவியையும் இரண்டு பையன்களையும் விட்டுவிட்டு வருகிறார், ஒரு மூன்றாந்தர ஹோட்டலில் ரூம் எடுத்துத் தங்குகிறார். பக்கத்து பாரில் காபி வாங்கி அதில் விஸ்கியைக் கலந்து குடிக்கிறார். ஒன்று எழுப்பிவிடும், ஒன்று தூங்க வைக்கும். இரண்டுக்கும் நடுவில் மனிதர் துப்பறிகிறார்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு அவருடைய வரவு செலவுதான் ரொம்பப் பிடிக்கும். லைசென்ஸ் கிடையாது. பில் கிடையாது. தெரிந்தவர்களுக்கு ‘உதவி’ செய்வார், அவர்கள் ‘அன்பளிப்பு’ கொடுப்பார்கள். வரி கட்டாமல் இருக்க இதைவிட அழகான வாசகத்தை எந்த ஆடிட்டரும் எழுதித் தர மாட்டார். ஆனால் வந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கை, கண்ணில் படுகிற ஏதாவது ஒரு சர்ச்சில் நுழைந்து உண்டியலில் போட்டுவிடுவார். கடவுள் நம்பிக்கையும் பெரிதாகக் கிடையாது. கத்தோலிக்க சர்ச்சுகளுக்குத்தான் நிறைய போகும். காரணம் பக்தி இல்லை, அவைதான் அதிக நேரம் திறந்திருக்கும். அந்தக் குழந்தையின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று தெரியாத ஆள் செய்கிற காரியம் அது.

நம்ம ஊர் துப்பறிவாளர்களிடம் இந்த வம்பெல்லாம் கிடையாது. தமிழ்வாணனின் சங்கர்லால் மேஜைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிப்பார். கப் கப்பாகக் குடிப்பார். அதுதான் அவருடைய அதிகபட்ச கெட்ட பழக்கம். தேவனின் துப்பறியும் சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா, அசட்டு அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு போதை அவருக்குத் தேவைப்படவில்லை. அப்புறம் காட்பாடி ஜங்ஷன் புத்தகக் கடையில் தோரணம் தோரணமாகத் தொங்கிய மாத நாவல்கள் காலத்தில் விவேக்-ரூபலா, பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜெயந்தி என்று ஜோடி ஜோடியாக வந்தார்கள். ராஜேஷ்குமாரும், பட்டுக்கோட்டை பிரபாகரும், சுபாவும் அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள், கார் கொடுத்தார்கள், கடி ஜோக் கொடுத்தார்கள். நாள்பட்ட குடிகாரனாக ஒரு ஹீரோவை மட்டும் கொடுக்கவில்லை. கிளாஸ் இருந்தால் அது வில்லன் கையில் இருக்கும். ஐஸ் துண்டு ‘கிளிங்’ என்று சத்தம் போட்டால் அடுத்த பாராவில் கொலை என்று அர்த்தம்.

நியாயம்தான். அந்தப் புத்தகம் அப்பா படித்து, அக்கா படித்து, மாவரைக்கிற நேரத்தில் அம்மாவும் படிக்கிற புத்தகம். அதில் ஹீரோ வாந்தி எடுக்க முடியுமா?

(இந்த வரிசையில் முதல் ஆட்களில் ஒருவர் நம்ம பக்கத்துக்காரர்தான். ஆரணி குப்புசாமி முதலியார். அப்போது ஆரணி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. வெள்ளைக்காரக் கதைகளை எடுத்து வேட்டி கட்டிவிட்டு நம் தெருவில் நடக்கவிட்டவர்.)

சீமையில் கதை வேறு. ஷெர்லக் ஹோம்ஸே ஊசி போட்டுக்கொள்கிறவர். 1890-ல் வந்த ‘த சைன் ஆஃப் ஃபோர்’ நாவலின் முதல் காட்சியே அதுதான். ஹோம்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏழு சதவிகிதக் கொக்கெய்ன் கரைசலை ஏற்றிக்கொள்கிறார். கேஸ் இல்லாத நாளில் போரடிக்கிறதாம்! அப்போது அது மருந்துக் கடையில் தாராளமாகக் கிடைத்த சரக்கு. டாக்டர் வாட்சன் பொறுமையாக வருஷக்கணக்கில் பேசிப் பேசி அதிலிருந்து அவரை விலக்குகிறார். 1904-ல் வந்த ஒரு கதையில், பழக்கம் போய்விட்டதாக வாட்சன் சந்தோஷப்படவில்லை. அது உறங்குகிறது, எந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளுமோ என்று பயப்படுகிறார். கானன் டாயிலும் ஒரு டாக்டர் என்பது அந்த இடத்தில் தெரிகிறது.

எழுத்தாளர்கள் லட்சணமும் அப்படித்தான். பிலிப் மார்லோ என்ற புகழ்பெற்ற துப்பறிவாளரை உண்டாக்கிய ரேமண்ட் சாண்ட்லர், அதற்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஆள். (காமர்ஸ் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) படிப்படியாக வைஸ் பிரசிடென்ட் வரை போனார். 1932-ல் குடியினாலும் ஆபீஸுக்கு ஒழுங்காக வராததாலும் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். சரி, கதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தவர்தான். பிற்பாடு ‘த புளூ டாலியா’ என்ற சினிமாவுக்கு வசனம் எழுதும்போது முடிவு வராமல் மாட்டிக்கொண்டார். குடித்தால்தான் முடிக்க முடியும் என்று சொல்லி, ஸ்டூடியோ செலவில் டாக்டர், நர்ஸ், வாசலில் கார் எல்லாம் வைத்துக்கொண்டு குடித்தே முடித்தார். 1946-ல் படம் வந்தது. இந்தக் கதையைச் சொன்னால் நம் பசங்களுக்குக் கண் பளபளக்கிறது. ‘பார்த்தியா, குடிச்சாத்தான் கிரியேட்டிவிட்டி!’ அதற்குப்பின் அவர் எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பதை யாரும் கேட்பதில்லை.

ஸ்கடரிடம் திரும்பி வருகிறேன். 1982-ல் வந்த ‘எய்ட் மில்லியன் வேஸ் டு டை’ என்கிற நாவல்தான் விஷயம். சாவதற்கு எண்பது லட்சம் வழிகள். நியூயார்க் ஜனத்தொகைக்குத் தலைக்கு ஒன்று. ஒரு பெண் தன் தொழிலை விட்டுவிட நினைக்கிறாள், அவளை வைத்துப் பிழைக்கிற ஆளிடம் தனக்காகப் பேசச் சொல்லி ஸ்கடரிடம் வருகிறாள். பேசுகிறார், அவனும் சரியென்கிறான். அப்புறம் அவள் கொடூரமாகக் கொலையாகிறாள். கொலைகாரனைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பணம் கொடுப்பது யார் தெரியுமா? முதல் சந்தேகத்துக்கு உரிய அதே ஆள்!

இது கதை. புத்தகம் இதுவல்ல. புத்தகம் முழுக்க ஸ்கடர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். குடிக்காமல் இன்று ஏழாவது நாள், எட்டாவது நாள். தினமும் குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போகிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசுவார்கள். இவர் முறை வரும்போது பேரை மட்டும் சொல்லிவிட்டு, இன்று நான் கேட்டுக்கொள்கிறேனே என்று நழுவிவிடுகிறார். நியூயார்க் முழுக்க அலைந்து, கத்திக்கும் துப்பாக்கிக்கும் பயப்படாமல், போலீஸ் கைவிட்ட கொலையைத் தோண்டி எடுக்கிற மனுஷனுக்கு அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் வாயில் வருவதில்லை. கொலையாளி யார் என்பதை நான் பாதியில் மறந்துவிட்டேன். இந்த ஆள் எப்போது அந்த வாக்கியத்தைச் சொல்லித் தொலைப்பான் என்றுதான் பக்கம் புரட்டினேன்.

1986-ல் இதைப் படமாக எடுத்தார்கள். நியூயார்க்கைத் தூக்கிவிட்டு லாஸ் ஏஞ்சலீஸில் வைத்தார்கள். ஆம்பூர் பிரியாணியை பாஸ்மதியில் செய்தது மாதிரி ஆகிவிட்டது. 2014-ல் லியாம் நீசன் நடித்து வந்த ‘எ வாக் அமங் த டூம்ஸ்டோன்ஸ்’ எவ்வளவோ தேவலை. அது 1992 நாவல்.

நிற்க. நம் நாட்டில் பிரைவேட் டிடெக்டிவ் எல்லோருமே ஒருவகையில் ஸ்கடர்தான். லைசென்ஸ் கொடுக்கிற சட்டமே இல்லை. 2007-ல் ஒரு மசோதா ராஜ்யசபா வரை போனது, சட்டமாகி வெளியே வரவில்லை. சரி, இவர்களுக்கு என்ன கேஸ் வரும் என்று நினைக்கிறீர்கள்? கொலையா? வைரக் கடத்தலா? மாப்பிள்ளை விசாரணை சார்! பையன் நிஜமாகவே அந்த வேலையில்தான் இருக்கிறானா, சம்பளம் சொன்ன அளவுக்கு வருகிறதா, அப்புறம் முக்கியமாக, குடிக்கிறானா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அதற்கும் ஏஜென்சி தேவையில்லை. பெண்ணின் தாய்மாமன் போதும். கம்பெனி கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருவார் (சங்கர்லால் பரம்பரை!). “நம்ம பையன் எப்படிங்க?” என்று பொதுவாகத்தான் ஆரம்பிப்பார். டீக்கடைக்காரர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, “தங்கமான பையங்க” என்பார். அந்த ‘ங்க’ எவ்வளவு நீளுகிறது என்பதை வைத்து மாமா விஷயத்தைப் புரிந்துகொள்வார். “பழக்கம் ஏதாவது…?” “சேச்சே. எப்பனா. அதுவும் கம்பெனிக்குத்தான்.”

கம்பெனிக்கு! தோல் பெல்ட்டில் இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. காலையில் போகிற கம்பெனி ஒன்று, ஷூ தைப்பது. சாயங்காலம் கொடுக்கிற கம்பெனி இன்னொன்று. முதலாவதில் லீவு உண்டு.

எனக்கு ஆம்பூரில் ஒரு சிநேகிதன். ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங். ஜெர்மனிக்காரன் ஈமெயிலில் ஒரு கமா இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவான். (இதை எழுத அவன் சம்மதம் உண்டு. பேர் மட்டும் வேண்டாம் என்றான், ‘இன்கிரிமென்ட் வர்ற வரைக்கும்.’) அவனும் கம்பெனிக்காக ஆரம்பித்தவன்தான். கன்டெய்னர் ஏறிய ராத்திரி, சம்பள நாள், மேட்ச் ஜெயித்த நாள், தோற்ற நாள். அப்புறம் கம்பெனி கொடுக்க வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் அவன் மட்டும் கம்பெனி கொடுத்துக்கொண்டிருந்தான். யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

போன வருஷம் ஒருநாள் தானாகவே நிறுத்திவிட்டேன் என்று வந்தான். கை வெடவெடவென்று ஆடியது. வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் சும்மா விடாது. சிலருக்கு வலிப்பு வரலாம், சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் கண்காணிப்பில், மருந்தோடு நிறுத்த வேண்டிய சமாசாரம் அது. வைராக்கியம் மட்டும் போதாது. அவனுடைய அக்கா புருஷன்தான் பாகாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. ஆக, நம்ம ஸ்கடர் அம்மையாரின் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து வந்து இரண்டு வாரம் கழித்து, “சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இன்னாடா பண்றது? நேரம் போவ மாட்டேங்குது” என்றான். அப்போதுதான் அந்த இன்னொரு ஸ்கடரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி போன் வந்தது.

“மச்சான், அவன் குடிச்சிடுவானா?”

“எவன்டா?”

“ஸ்கடர்.”

“எத்தனாவது பக்கத்துல இருக்க?”

“அத்த வுடு. குடிப்பானா மாட்டானா, அத்த மட்டும் சொல்லு.”

“படிச்சா தெரிஞ்சிடப்போவுது.”

“படிக்கலாம். ஆனா கடைய பத்து மணிக்குச் சாத்திடுவான். இப்ப ஒம்போதே முக்கால்.”

துப்பறியும் நாவலின் முடிவைச் சொல்வது மகா பாவம் என்று வளர்ந்தவன் நான். ஆனால் பதினைந்து நிமிஷம்தான் இருக்கிறது. ‘குடிக்க மாட்டான்’ என்று சொன்னால் பொய். ஸ்கடர் நடுவில் வழுக்கி விழுகிறார். விழுந்தவர் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறார், இடையில் என்ன நடந்தது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. அதை இவன் நாளைக்குப் படிக்கத்தான் போகிறான். அப்புறம் என்னையும் நம்ப மாட்டான், ஸ்கடரையும் நம்ப மாட்டான்.

“விழுவான்டா” என்றேன். “ஆனா அதோட புஸ்தகம் முடியல. அதுக்கப்புறம் நெறைய பக்கம் இருக்கு. திரும்ப ஒண்ணாம் நாள்னு எண்ண ஆரம்பிக்கிறான்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு பைக் போகிற சத்தம் மட்டும் கேட்டது. ரோட்டில் நிற்கிறான் என்று புரிந்தது.

பேச ஆரம்பித்தேன். சாண்ட்லர் கணக்கெழுதின கதை. ஹோம்ஸ் ஊசி போட்ட கதை. 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊரில் ஒரு ஷேர் மார்க்கெட் ஆசாமியும் ஒரு ஆபரேஷன் டாக்டரும், இரண்டு பேருமே மொடாக் குடியர்கள், சந்தித்துப் பேசியதில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்த கதை. அது 1957-ல் இந்தியாவுக்கு வந்த கதை. “அங்க ஃபீஸ் கெடையாது, முழுப் பேரும் கேக்க மாட்டாங்க. உன் மாமனார் டிடெக்டிவ் வெச்சாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது” என்றேன். லேசாகச் சிரித்தான். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற அம்மாள் 1980-ல் சென்னையில் டி.டி.கே. ஆஸ்பத்திரியாக வளர்ந்த சிகிச்சை மையத்தை ஆரம்பித்ததையும், 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததையும் சொன்னேன். சரக்கு தீர்ந்துவிட்டது. அப்புறம் ஜி.எஸ்.டி. பற்றிப் பேசினேன். உயிர் காக்க வேண்டிய அவசரத்தில் மனிதன் எதையும் பேசுவான்.

“டேய்” என்று குறுக்கிட்டான்.

“இன்னா?”

“ஷட்டர எறக்கிட்டான்.”

மணி பார்த்தேன். பத்து மூன்று.

“வூட்டுக்குப் போறேன்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

இது ஒரு சனிக்கிழமை. வருஷத்துக்கு 52 சனிக்கிழமை என்பதை காமர்ஸ் படிக்காதவர்களும் அறிவார்கள். நடுவில் ஒரு தடவை விழுந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையில் எனக்கு அவன் அனுப்பிய மெசேஜில் ‘1’ என்ற ஒற்றை இலக்கம் மட்டும் இருந்தது. எனக்குப் புரிந்தது. மறுநாள் ‘2’ வந்தது. இப்போது அது மூன்று இலக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் அவனுக்கு வரன் வந்தது. குடியாத்தத்துப் பெண். ஸ்கூல் டீச்சர். போன மாசம் எனக்கு ஒரு போன். குரலிலேயே தாய்மாமன் என்று தெரிந்தது. “நீங்க அவரோட ரொம்ப நாள் சிநேகிதமாமே. தம்பி எப்படிங்க?”

“தங்கமான பையங்க” என்றேன். என் ‘ங்க’ எவ்வளவு நீண்டது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த கேள்வி வரும். அதற்கு என்ன சொல்வது? உண்டு என்றால் பொய், இல்லை என்றாலும் பொய். இறந்தகாலத்தில் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் கல்யாண விசாரணையில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. ‘முன்னே குடிச்சிட்டிருந்தார்’ என்று சொன்னால் மாமா காதில் கடைசி வார்த்தைக்கு முந்தைய வார்த்தைதான் விழும்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு.

“ஞாயித்துக்கெழமை எங்க வூட்டுக்கு வந்திருந்தாருங்க. மச்சானும் நானும் இருந்தோம். காபி குடுத்தோம். அதக் கீழ வெச்சிட்டு, எழுந்து நின்னு, பேரு சொன்னாரு. அப்புறம் நான் குடிநோயாளிங்க, இன்னிக்கு 143-ஆவது நாளு, நடுவுல ஒருவாட்டி தவறிட்டேன், பாகாயத்துல மருந்து சாப்புட்டேன், நீங்க விசாரிச்சுத் தெரிஞ்சிக்கிறதுக்கு முந்தி நானே சொல்லிடலாம்னு வந்தேன், அப்படின்னாரு. எங்க வூட்ல எழுந்து நின்னு இப்படிச் சொன்ன மாப்பிள்ளைய நாங்க பார்த்ததே இல்லீங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல. இப்ப நாங்க இன்னா விசாரிக்கணும், அத்த நீங்க சொல்லுங்க.”

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த டீச்சர் என்ன சொல்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். ‘அதுவும் சரிதான்’ என்று வைத்துவிட்டார்.

இன்றுவரை அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்று அவனைக் கேட்டேன், “அவங்க வூட்ல இன்னாடா சொல்றாங்க?”

“யோசிக்கிறாங்களாம். அந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சி.”

“இன்னா?”

“அந்த புஸ்தகத்தக் குடுங்க, படிச்சிட்டுத் தரேன்னுச்சி. குடுத்துட்டேன். உனக்கு அவசரம் இல்லியே?”